சாவு வீட்டில் கொடுத்த ரத்தம்

எங்கள் குலத்தில் பைத்தியம் பிடித்தவர் இல்லை, வலிப்பு வந்தவர் இல்லை, திருடிச் சிறை சென்றவர் இல்லை, பெருவியாதி கண்டவர் இல்லை. பெண் கேட்டு வருகிறவர்களை முன்னறையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இதைச் சொல்வது குலத்தலைவன் என்ற முறையில் என் கடமை. எனக்கு முன் என் தாய்மாமன் சொன்னார். குமாசி நகரத்தில் அவர் சொல்லையோ என் சொல்லையோ வேறு இடத்தில் போய் விசாரித்துச் சரிபார்த்த வீடு கிடையாது. அமொவாட்டெங் சொன்னால் அது சொன்னதுதான். பெரிய ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் தலைமைப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இல்லாததை இருக்கிறது என்றோ, இருப்பதை இல்லை என்றோ ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை.

என் அக்கா அஃப்ரானேவா இறந்தபோது, அவள் உடல் குளிர்பெட்டியில் இருக்கையிலேயே அவள் மகன் டுவோமோ என்னைப் பார்க்க வந்தான். டாக்டர். மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவன். பெருவியாதியை, அதாவது தொழுநோயை, கண்டுபிடிக்க ஒரு பட்டைக் கருவி செய்திருந்தான். விரல் நீளத்தில் ஒரு பட்டை. அதில் ஒரு சொட்டு ரத்தம். அந்தக் கிருமியை எதிர்க்க உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கியிருந்தால் பட்டையில் இரண்டாவது கோடு தெரியும். கருவி சரியானது என்று நிரூபிக்க இரண்டு வகை ரத்தம் வேண்டும்: நோயாளிகளுடையது ஒன்று, அந்த நோயின் காற்றே படாதவர்களுடையது மற்றொன்று.

"நோயாளிங்க கிடைச்சுட்டாங்க மாமா. சுத்தமான ரத்தம்தான் வேணும், நிறைய வேணும். நம்ம குலத்தை விட்டா நான் எங்க போவேன்?"

"அதுக்கு உங்கம்மா அடக்கம்தான் கிடைச்சுதா?"

"எல்லாரும் ஒரே இடத்துல கூடறது அன்னைக்குத்தானே. அம்மா உயிரோட இருந்தா முதல்ல அவங்கதான் கையை நீட்டியிருப்பாங்க."

பெற்றவளைப் புதைக்கும் நாளில் ஊசியோடு நிற்கப் போகிறேன் என்று ஒரு மகன் சொல்வதைக் கேட்க எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் எங்களிடம் குலம் என்பது தாய்வழி ரத்தம். அந்த ரத்தத்தைச் சுத்தமானது என்று சொல்லிக் கேட்கிறவனிடம் குலத்தலைவன் என்ன மறுப்புச் சொல்ல முடியும்?

சனிக்கிழமை எல்லோரும் கறுப்பும் சிவப்புமாய் வந்து நிறைந்தார்கள். பந்தலின் நடுவில் மொய் மேசை. அதன் அருகே டுவோமோவின் ரத்த மேசை. முதலில் நான் போய்க் கொடுத்தேன். எனக்குப் பின் ஒருவரும் எழவில்லை. அப்போதுதான் மைக் பிடித்திருந்த அஜெக்கும் ஒரு வேலை செய்தான். அஜெக்கும் சாவு வீடுகளில் மொய் கொடுத்தவர் பெயரைக் கூவிச் சம்பாதிக்கிறவன். எதையும் கூவாமல் விடத் தெரியாது.

"குலத்தலைவர் அமொவாட்டெங் அவர்கள்! ஒரு குழாய் ரத்தம்! பெரியவருக்கு ஒரு கை தட்டுங்க!"

அவ்வளவுதான். மேசை முன் வரிசை வளர்ந்தது. கடைவீதியில் துணி வியாபாரம் செய்யும் அச்சியா, என் சிற்றன்னை மகள், முன்னால் இடித்துக்கொண்டு போனாள்.

"எனக்கு முன்னாடி போனவ ஒரு குழாய்தானே கொடுத்தா? என்கிட்ட ரெண்டு எடுத்துக்க. ரெண்டுன்னு சத்தமாச் சொல்லச் சொல்லு."

"சித்தி, ஒண்ணு போதும்," என்றான் டுவோமோ.

"யாருக்குப் போதும்? மைக்குக்குப் போதுமா?"

சவப்பெட்டிக்குப் பத்தடி தூரத்தில் ரத்தத்துக்கு ஏலம் நடந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பிய பக்கத்தில் செர்வா நின்றாள். என் தங்கை அபோராவின் மகள், தையற்காரி. அடுப்பிலிருந்து இறக்கிய சூப்புச் சட்டியைத் துணி பிடிக்காமல் வெறுங்கையால் தூக்கி வந்துகொண்டிருந்தாள். சட்டியை வைத்தபோது சுண்டுவிரல் ஓரம் கொப்பளித்திருந்தது. பெண்கள் கத்தினார்கள். அவள் விரலை யாருடையதோ போலத் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"என் தோல் முதலைத் தோல் மாமா. ஒண்ணும் ஆகாது."

அவளும் போய் ஒரு குழாய் கொடுத்தாள். அஜெக்கும் கூவினான்.

பல மாதங்கள் கழித்து டுவோமோ என் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். தலைநகரில் நடந்த மருத்துவ மாநாட்டில் தன் கருவியைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருந்தான். ஃபுஃபு உருண்டையைப் பிய்த்துச் சூப்பில் தோய்த்தபடியே சொன்னான்.

"சுத்தமானவங்க ரத்தத்துல ஒரு பட்டையில கூடத் தப்புக் கோடு வரல மாமா. எழுந்து நின்னு கை தட்டினாங்க."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட."

பரிசோதனைக்கூடத்தில் என் தலை நரைத்தது. அப்படி நடந்துகொள்ளும் கருவி ஒன்றை நான் கண்டதில்லை. நூறு நல்ல ரத்தம் வைத்தால் ஒன்றிரண்டு தப்புக் கோடாவது மூக்கை நீட்டும். நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் கொஞ்ச நேரம் சூப்பைக் கலக்கினான். பிறகு, பரிசு கொடுக்கப் போகிறவன் போலக் குரலைத் தாழ்த்தினான்.

"உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நம்ம ஆளுங்க ரத்தத்துல கோடு வந்துச்சு."

"எத்தனை பேருக்கு?"

"நிறையப் பேருக்கு. நான் ஆடிப் போயிட்டேன். நம்ம குலத்துல இந்த வியாதி கிடையாதுன்னு ஊருக்கே தெரியும். அப்ப கோடு எப்படி வரும்? வெயில்ல இருந்து ரத்தம் கெட்டுப்போச்சுன்னு சொல்லி எல்லாத்தையும் ஒதுக்கிட்டேன். காலேஜ் பசங்ககிட்ட வேற ரத்தம் எடுத்துச் சேர்த்தேன். கருவியும் தப்பிச்சுது, நம்ம பேரும் தப்பிச்சுது."

"ரத்தம் வெயில்ல இருந்துச்சா?"

"இல்ல. ஐஸ் பெட்டியிலதான் இருந்துச்சு."

சொல்லிவிட்டு விரலை நக்கினான். அந்த விரலைப் பார்த்ததும் நான் எழுந்து போய்க் கை கழுவினேன்.

"என் ரத்தம்?"

"மாமா…"

"என் பட்டையில என்ன இருந்துச்சு?"

"மங்கலா ஏதோ…"

"மங்கலா இருந்தாலும் கோடு கோடுதான். இதை உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். செர்வாவுக்கு?"

அவன் தட்டைத் தள்ளிவைத்தான். "அவளுக்குப் பளிச்சுன்னு."

கோடு வந்தவருக்கெல்லாம் நோய் இருக்கிறது என்று பொருள் இல்லை. கிருமி வந்து உடம்பின் கதவைத் தட்டியிருக்கிறது. உடம்பு எழுந்து ஆயுதம் எடுத்திருக்கிறது. பெரும்பாலும் உடம்புதான் ஜெயிக்கும். ஆனால் ஒரே குலத்தில் இத்தனை பேர் ரத்தத்தில் ஆயுதம் இருந்தால், எங்களோடு உட்கார்ந்து, எங்களோடு மூச்சு விட்டு, ஒரு நோயாளி பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். இது எனக்குத் தெரியும். டுவோமோவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குச் சூப்புச் சட்டியும் கொப்பளித்த சுண்டுவிரலும் கண்முன் வந்தன. தையற்காரியின் விரல்.

"அவ தோலைப் பார்த்தியா?"

"அடுத்த மாசம் அவளுக்குக் கதவு தட்ட வர்றாங்க மாமா." பெண் கேட்டு முதல் தடவை வருவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். "கல்யாணம் முடியட்டும். அப்புறம் நானே ரகசியமா மாத்திரை கொடுத்துடறேன்."

"அதுவரைக்கும் நரம்பு காத்திருக்குமா? நீ டாக்டரா, கல்யாணத் தரகனா?"

"உங்க வாக்குக்காகத்தான் செஞ்சேன். வர்றவங்ககிட்ட இல்லைன்னு சொல்றது நீங்கதானே?"

அதற்கு நான் அடித்திருப்பேன். என் பெயரைத் துடைக்கும் துணியாக எடுத்துத் தன் அழுக்கைத் துடைத்துவிட்டு, அதை என்னிடமே திருப்பிக் கொடுக்கிறான்.

"உன் கருவி உண்மையைச் சொல்லுச்சு. நீ அதை நம்பாம என் வாயை நம்பின. வெளியே போ."

அன்றே அபோராவின் வீட்டுக்குப் போனேன். முன்கூடத்தில் செர்வா ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியைக் கீழே வைக்கச் சொன்னேன். மேசையிலிருந்த பஞ்சில் கொஞ்சம் பிய்த்துத் திரியாக்கினேன்.

"கண்ணை மூடு. நான் தொடும்போதெல்லாம் 'ம்' சொல்லு."

"என்ன விளையாட்டு மாமா இது?" என்றாலும் மூடிக்கொண்டாள். கன்னத்தில் தொட்டேன்: "ம்." கட்டைவிரலில் தொட்டேன்: "ம்." சுண்டுவிரலில் தொட்டேன். உள்ளங்கை ஓரத்தில் தொட்டேன். முழங்கைக்குக் கீழே வெளிறிய திட்டு ஒன்று இருந்தது, அங்கே தொட்டேன். அவள் கண்ணை மூடியபடி காத்திருந்தாள்.

"ஏன் மாமா நிறுத்திட்டீங்க?"

வாசலில் நின்ற அபோரா நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதுதான் எனக்குப் பளீரென்று உறைத்தது.

"உனக்குத் தெரியும்," என்றேன்.

"செத்ததும் அக்காவைக் குளிப்பாட்டினது நான்தான் அண்ணா. காலுறையைக் கழட்டினேன். உள்ள விரல் பாதிதான் இருந்துச்சு. புருவத்து மையைத் துடைச்சேன். அடியில ஒரு முடி இல்ல. நீங்க வாசல்ல நின்னு வந்தவங்ககிட்ட நம்ம குலப்பெருமை பேசிட்டிருந்தீங்க. நான் காலுறையைத் திரும்ப மாட்டி, புருவத்தையும் வரைஞ்சுவிட்டேன்."

அந்த வயதிலும் அஃப்ரானேவா அலங்காரத்தை விடவில்லை என்று நாங்கள் சிரித்தது நினைவுக்கு வந்தது. அவள் வீட்டில்தான் செர்வா தையல் கற்றாள். ஒரே அறையில் தூங்கினாள். அழுகிய காலை உறைக்குள் மறைத்துக்கொண்டு அக்கா விருந்துகளில் ஆடினாள். மகன் ஆராய்ச்சி செய்த நோயை அவனிடமே மறைத்தாள். எனக்குக் காலின் மேல் அருவருப்பு வரவில்லை. அழுகல்களை நான் ஆயிரம் பார்த்தவன். உறையின் மேல் வந்தது.

"கதவு தட்டறவங்க வந்துட்டுப் போகட்டும் அண்ணா," என்றாள் அபோரா. "அதுவரைக்கும் வாயை மூடிட்டிருங்க."

"நானும் இங்கதான் இருக்கேன்," என்றாள் செர்வா. அவள் தன் கையை விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்டுவிரல் முழுதாக நிமிரவில்லை. "அம்மா, ஒரு மாப்பிள்ளை போனா இன்னொருத்தன் வந்து தட்டுவான். விரல் போனா அது திரும்ப வந்து தட்டுமா? மாமா, எந்த ஆஸ்பத்திரி?"

மறுநாள் தோல்நோய்ப் பிரிவுக்கு அழைத்துப் போனேன். காது மடலில் கீறி எடுத்ததைச் சாயமேற்றிக் கண்ணாடியில் வைத்தார்கள். பழைய உரிமையில் நானே நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தேன். நீலத்தின் நடுவே சிவந்த துரும்புகளாய்க் கிருமிகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. அங்கிருந்த நர்ஸ், வாட்டசாட்டமான பெண், மாத்திரை அட்டைகளையும் நரம்பு வீக்கத்துக்கு வேறு மாத்திரையையும் கொடுத்தாள்.

"சீக்கிரம் வந்துட்டம்மா. பாதி உணர்ச்சியாவது திரும்பும்னு நினைக்கறேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்க குலத்துல மத்தவங்களையும் பார்க்கணும் பெரியவரே. வீடு வீடாக் கூப்பிட்டா யாரும் வர மாட்டாங்க. எனக்குப் பழக்கம். பின்கதவு வழியா ஓடுவாங்க."

"அக்காவுக்கு வருஷத் திதி வருது. பந்தல்ல ஒரு மேசை போடறேன். வா."

டுவோமோ கேள்விப்பட்டு ஓடி வந்தான். இந்தத் தடவை நான் அவனை உட்காரச் சொல்லவில்லை.

"மாமா, ஊர் முன்னாடி சொன்னா என் கதி? அந்த ரத்தத்தை ஏன் ஒதுக்கினேன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். பதில் சொல்லு."

"குலத்தோட கதி?"

"குலத்தைப் பத்திப் பேச நீ யாரு? உங்கம்மா காலுறையை விட மோசமா நாறுது உன் வேலை."

வருஷத் திதிக்கு வெள்ளையும் கறுப்புமாய் எல்லோரும் வந்தார்கள். அதே பந்தல், அதே மேசை, அதே அஜெக்கும். நர்ஸ் பஞ்சும் பெட்டியுமாக உட்கார்ந்திருந்தாள். அவளைச் சமையல் ஆள் என்று நினைத்து ஒருவர் கோழித் துண்டு கேட்டார். கூவ வேண்டியதை நான் அஜெக்குமின் காதில் சொன்னேன். அவன் மைக்கைக் கையால் பொத்தினான்.

"பெரியவரே, காலையிலேயே ஏதாவது குடிச்சீங்களா?"

"போன வருஷம் கூவினியே, அதே குரல்ல கூவு."

"என் பொழப்பே போயிடும். இனிமே எவன் என்னைச் சாவுக்குக் கூப்பிடுவான்?"

மைக்கை வாங்கி நானே பேசினேன்.

"குலத்தலைவன் அமொவாட்டெங் பேசறேன். போன வருஷம் இந்தப் பந்தல்ல நான் கொடுத்த ரத்தத்துல பெருவியாதிக் கிருமியோட சுவடு இருந்துச்சு. இந்தக் குலத்துல அந்த வியாதி இல்லைன்னு உங்க எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். அது உண்மை இல்லை. மாத்திரை இருக்கு, தீரும். மறைச்சா கை காலைத் தின்னும். ரத்தம் கொடுத்தவங்க எல்லாரும் வந்து தோலைக் காட்டுங்க. நான் முதல்ல காட்டறேன்."

வேறு யார் பெயரையும் நான் சொல்லவில்லை. மேலாடையை இடுப்புக்கு இறக்கி, வெற்று முதுகோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். இத்தனை ஆண்டுகளில் என் முதுகை ஊர் பார்த்ததில்லை. நர்ஸ் பஞ்சால் ஓரம் ஓரமாகத் தொட்டாள். ஒவ்வொரு தொடலுக்கும் "ம்" என்றேன்.

பிறகு நாற்காலிகள் கிறீச்சிட்டன. சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறக்காமலே மேசையடியில் தள்ளிவிட்டுச் சிலர் எழுந்தார்கள். போகும்போது வரிசையாகக் கைகொடுத்து விடைபெறுவது எங்கள் வழக்கம். நான் எழுந்து கையை நீட்டினேன். ஒருவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். இன்னொருவர் போன் வந்ததுபோலக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். போன் தலைகீழாக இருந்தது. என் வீட்டில் உண்டு, என் வாக்கில் மகளைக் கட்டிக்கொடுத்த ஒருவர் என் கையைப் பார்த்தார், மலத்தைப் பார்ப்பதுபோல. டுவோமோவின் கார் எப்போதோ போய்விட்டிருந்தது.

யாரோ என் தோளை இடித்துக்கொண்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்கள். அச்சியா.

"ஏ அஜெக்கும்! தூங்கறியா? போன வருஷம் என் பேரைச் சொன்னியே, இப்ப உன் நாக்குல என்ன, கட்டியா?"

"அத்தை, இதை எப்படி…"

"கூவுடா. ரெண்டு குழாய் கொடுத்தவ நானு."

அஜெக்கும் தொண்டையைச் செருமினான். "கடைவீதி அச்சியா அவர்கள்… தோல் காட்டறாங்க!" எங்கோ ஒருவர் தவறிப்போய்க் கைதட்டினார். செர்வா எழுந்து வந்து வரிசையில் நின்றாள். அவளைத் தொடர்ந்து, தரையைப் பார்த்தபடி, அபோராவும் வந்தாள். மாலைக்குள் மிச்சமிருந்தவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்து எழுந்தார்கள். அவர்களில் இரண்டு பேரை நர்ஸ் தனியே கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள். அவர்கள் யார் என்பதை நான் எழுதப் போவதில்லை.

கதவு தட்ட வரவேண்டியவர்கள் வரவில்லை. பையனுக்குத் திடீரென்று வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். வந்த ஆள் வாசலுக்கு வெளியிலேயே நின்று சொன்னான். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. வேறு வீடுகளிலிருந்தும் இப்போது என்னிடம் ஒருவரும் எதுவும் கேட்டு வருவதில்லை. முன்னறை நாற்காலிகளில் தூசி படிகிறது.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அபோராவின் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல் கேட்டில் டுவோமோ வந்து நின்றான். ரத்தத்தை ஒதுக்கியதற்காகக் கல்லூரியில் அவன் மேல் விசாரணை வைத்திருக்கிறார்கள். குலத்தில் நோய் இருந்தது, கோடுகள் பொய்யில்லை என்று தெரிந்தபின் கருவியின் மதிப்பு கூடித்தான் இருக்கிறது என்று சிலர் பேசுகிறார்களாம். அது வேறு அருவருப்பு.

"மாமா, நம்ம ஆளுங்க ரத்தத்தை மறுபடி கணக்குல சேர்க்கப் போறேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க. தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லுங்க. உங்க வார்த்தைக்கு…"

"சேர்க்கறதைச் சேர்த்துக்க. தெரியாம நடந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். தெரிஞ்சுதான் செஞ்ச."

அவன் கம்பி வழியாகக் கையை நீட்டினான். கழுவிய, நகம் வெட்டிய, டாக்டர் கை. ஊரில் பாதிப் பேர் என் கையைத் தொடுவதில்லை. அதை நான் பொறுத்துக்கொண்டேன். அந்தக் கையைத் தொட என்னால் முடியவில்லை. என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போது உள்ளே ஏதோ தடாலென்று விழுந்தது. செர்வா அலறினாள். நான் ஓடினேன். இஸ்திரிப் பெட்டி தரையில் கிடந்தது. சட்டையின் கைப்பகுதி கருகிப் புகைந்தது. அவள் சுண்டுவிரலை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, ஒற்றைக் காலில் குதித்தாள்.

"சுட்டுடுச்சு மாமா! அம்மா, இங்க வா! சுடுது! இது சுடுது!"